பீலிக்குச் சாம்பல் நிறம்

நாலு வருசத்தில் இரண்டு தரம் மாற்றியாயிற்று.
முதலில் தகரம்.
வெள்ளவத்தைக் கடற்காற்று அதை
அப்பளம் போல் ஓரத்திலிருந்து கடித்துத் தின்றது.
அடுத்தது பிளாஸ்டிக்.
ஏப்ரலில் வெளிறி, மே மழையில் பிளந்து,
படுக்கையறைச் சுவரில் ஈரம்
ஒரு மாட்டுத்தலையாய் வளர்ந்தது,
கொம்பு உட்பட.

இந்த முறை செம்பு என்றேன்.
சுகிர்தன் கல்குலேட்டரைத் தேடினார்.

பழைய சோனகத் தெருவில்
நாட்டாமைமாரின் தோளில் வரும் குழாய்களுக்கு
ஒதுங்கி ஒதுங்கி
ஜிப்ரி நானாவின் கடைக்குள் போனோம்.
மூலையில் சுருளாக நின்றது.
நானா ஓரத்தை விரித்து நகத்தால் சுண்டினார்.
மணியோசை என்றெல்லாம் சொல்ல முடியாது;
பக்கத்து அறையில் யாரோ
தொண்டையைச் செருமியது போல.

அடிக்கு எவ்வளவென்று சொன்னார்.
சுகிர்தன் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் இன்னொருக்கால் கேட்டார்.
நூற்றிப் பன்னிரண்டு அடி,
மூலை ஆறு, இறக்குக் குழாய் மூன்று.
"அறுவது வருசம் ஈக்கும், மிஸ்."
எனக்கு நாற்பத்தொன்பது.
என் செத்தவீட்டன்று மழையென்றால்
வந்தவர்கள் தலை நனையாது.

வாங்கினோம்.

"இரும்பாணி வாணாம். நாகத் தகடு கிட்டவும் வாணாம்.
செம்புல ஓடின தண்ணி
நாகத்த அரிச்சிரும்."
மதிலுக்கு அந்தப் பக்கம்
மிஸிஸ் ஜயமான்னவின் கராஜ் கூரை
முழுக்க நாகம்.
எங்கள் ஆடம்பரத்தின் எச்சில்
அவள் காரின் மேல் ஒழுகக் கூடாதென்று
ஒரு குழாயை எங்கள் பக்கமே வளைத்தோம்,
கூடுதல் ஏழடி.
டெங்குக்காரர் டோர்ச்சோடு வந்தால்
ஒரு கரண்டித் தண்ணீரும் தேங்கியிருக்கக் கூடாது.
லயனல் பாஸ் ரப்பர் குழாயில் நீர்மட்டம் பிடித்து
பத்தடிக்கு அரை அங்குலம் சரித்தார்.

பூட்டி முடித்த பின்னேரம்
வெயில் கடலில் இருந்து நேரே வந்து ஏறியது.
வீடு மருதாணி போட்டுக்கொண்ட மாதிரி.
திரீவீலர் ஒன்று வேகம் குறைத்தது.
பழைய இரும்பு, பழைய பத்தரி என்று கத்திப்போகும் லொறி
எங்கள் படலையடியில் மட்டும்
கத்த மறந்து மெல்லப் போனது.
திரும்பியும் வந்தது.

பாஸ் சாமான் பையைக் கட்டியபடி சொன்னார்:
"பெயின்ட் அடிங்க நோனா. சாம்பல் கலர்.
பிளாஸ்டிக் மாதிரி தெரியும்.
இல்லாட்டி ராவைக்கு ஒண்ணும் இல்ல."
"அப்ப பிளாஸ்டிக்கே வாங்கியிருக்கலாமே!"
சுகிர்தன் கத்தினார், பாஸிடம் அல்ல.

நான் பேசவில்லை.
எனக்கு இந்த வேலை தெரியும்.
ஒருகாலம்
பஸ்ஸால் இறங்குமுன் நெற்றியைத் துடைத்து,
இங்கிலீஷ் பேப்பரைத் தலைப்புத் தெரிய மடித்து,
இதே காலி வீதியில்
மணல் மூட்டைகளைத் தாண்டி ஒப்பிசுக்குப் போனவள்.
மேலே என்ன பூசினாலும்
உள்ளே உலோகம் மாறாது என்று
இந்த இடத்தில் சொல்லலாம்.
சொல்ல மாட்டேன்.
மாறும். கொஞ்சம் மாறும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும்
ஏணியில் நின்று அவரே பூசினார்.
நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு
என் பணம் சாம்பலாவதைப் பார்த்தேன்.
வீதியில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நல்ல விசயம்.

குசினி யன்னலுக்கு நேரே,
குழாய் வளையும் இடத்தின் பின்பக்கம்
ஒரு முழம் மிச்சமிருந்தது.
"பெயின்ட் முடிஞ்சுது" என்றார்.
வாளி ஷெட்டுக்குள் இருக்கிறது.
பாதிக்கு மேல்.

இன்று ஒக்டோபர் இடிமழை.
பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றால் மட்டும் தெரியும்
அந்த ஒரு முழம்,
சாயம் கூடிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கிறது.
பச்சை பிடிக்க
இந்தக் காற்றிலும் எட்டுப் பத்து வருசம் ஆகுமாம்.
கழுவிய கோப்பையை
இன்னொருக்கால் கழுவுகிறேன்.