நாற்பது கெஜம் தேம்ஸ்

சனிக்கிழமைக் கணக்கில் முதல் வரி மெழுகுவர்த்தி.
ஆறு ராத்தல், கடனுக்கு.
பெயர்: புரொபசர் ஹெசல்டீன்.
எந்தக் கல்லூரி என்று ஜேகோ கேட்கவில்லை.
அந்த ஆளின் காதோரம் காய்ந்திருந்த நீலச் சாயத்தைப் பார்த்தபடி
தராசுத் தட்டை ஒரு தட்டுத் தட்டினான்.
பல்லாரட்டில் பெயருக்கு முன்னால்
யாரும் எதையும் மாட்டிக்கொள்ளலாம்.
குழியில் தண்ணீர் மட்டும் கண்டவன் கேப்டன்.
இரண்டு பல் பிடுங்கியவன் டாக்டர்.

அன்றைக்குத் தெருவில் சேறு கணுக்கால்வரை.
கால் ராத்தல் தேயிலைக்கு வந்தவள்
பதினோரு ரிப்பனைத் தொட்டுப் பார்த்துவிட்டு
தேயிலையை மறந்து போனாள்.
தீப்பெட்டியில் தங்கத்தூள் கொண்டுவந்தவனுக்கு
ஒரு சிட்டிகைக்கு இரண்டு டப்பா மத்தி மீன்.
சிட்டிகை எடுப்பது ஜேகோ.
அவன் கட்டைவிரலின் அகலத்தில்தான்
எங்கள் கூரைக்குத் தகரம் வந்தது.

கடைக் கதவில் நோட்டீஸ்:
இன்றிரவு ஏழு மணிக்கு, ஓட்டல் பின்கூடத்தில்
லண்டன் மாநகரம் உங்கள் கண்முன் நகரும்.
ஒட்டிய பசைக்கு மாவு எங்களுடையது.
அதுவும் கடன்.

ஒரு ஷில்லிங் கொடுத்து உட்கார்ந்தோம்.
இந்தப் பக்கம் ஓர் உருளை, அந்தப் பக்கம் ஓர் உருளை,
நடுவே கித்தானில் ஊர் ஊர்ந்தது.
"அந்த முனை திரும்பினால் அக்கா வீடு!"
பின்வரிசையில் ஒருவன் எழுந்தே விட்டான்.
தீட்டிய பணியாரக் கடையைப் பார்த்து
இன்னொருவன் மூக்கைச் சிந்தினான்.
நான் லண்டனைப் பார்த்ததே இல்லை.
கார்ன்வாலில் கப்பலேறி நேரே இங்கே.
எல்லாரும் தலையாட்டிய இடத்தில் ஆட்டினேன்.
பெஞ்சின் ஓரத்தில் முட்டைக்கோஸ் விற்கும் லியோங் கீ,
காவடிக்கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு.
வாசல்காரன் கடித்துப் பார்த்து வாங்கியது
அவன் காசை மட்டும்தான்.

பாலத்தைத் தாண்டும்போது
சர்ரென்று
ஆறு கிழிந்தது.

கிழிசலுக்குள் எங்கள் கடைப் பையன் டெர்மட்,
சட்டையில்லாமல், கையில் உருளைப் பிடி,
வாயில் காலையில் எண்ணிக்கை குறைந்த பன்.
கூடமே சிரித்தது.
அவன் மட்டும் நிறுத்தாமல் சுற்றினான்,
கிழிசல் நீண்டுகொண்டே போனது.

"ஊசி... யாரிடமாவது ஊசி?" என்றார் புரொபசர்.
என் காலரில் எப்போதும் இரண்டு இருக்கும்.
ஏறினேன்.
ஒரு படகுக்கும் ஒரு தூணுக்கும் நடுவே கறுப்பு நூல்.
வேறு நூல் கையில் இல்லை.
பின்பக்கம் லண்டன் வெறும் மாவுச் சாக்கு.
ஒட்டுமேல் ஒட்டு,
கோபுரத்துக்கு நேர் பின்னால்
'இருநூறு ராத்தல், ஈரம் ஆகாது' என்ற முத்திரை.
பசை நாற்றத்தில் கண் கரித்தது.
முன்னால் இருநூறு பேர்
தொண்டையைக்கூடச் செருமாமல்
என் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நூலைக் கடித்தேன்.
அரண்மனைக்கும் அடிக்காத கைதட்டல் அதற்கு அடித்தார்கள்.
வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

வெளியேறும்போது லியோங் கீ கேட்டான்,
"அடுத்த வாரம் காண்டன் வருமா?"
வாசல்காரன் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு விடியுமுன் வண்டி போய்விட்டது.
மெழுகுவர்த்தி, மாவு, நூல் இரண்டு கெஜம்:
அடித்துவிடலாம் என்றான் ஜேகோ.
இருக்கட்டும் என்றேன்.
பெண்டிகோவிலோ ஜீலாங்கிலோ ஒருத்தி கேட்பாள்,
ஆற்றின் குறுக்கே அந்தக் கறுப்புக் கோடு என்ன என்று.
அதற்கும் அந்த ஆள் ஒரு பேர் வைத்திருப்பார்,
பேருக்கு ஒரு சரித்திரமும்.

திங்கட்கிழமை முதல் வரி:
லியோங் கீ, கறுப்பு நூல், ஒரு கண்டு. ரொக்கம்.
எதற்கு என்று நானாகத்தான் கேட்டேன்.
கூடை மூடும் துணி கிழிந்துவிட்டது, என்றான்.
மீதிச் சில்லறையை
ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தான்.