இடது இருக்கை

முப்பத்தோரு வருடம்
இடது பக்கம் உட்கார்ந்தே வேல்ஸைப் பார்த்தவள் நான்.
மடியில் பலகை, விரலில் பேனா,
ஸ்டியரிங்கில் யாரோ ஒருவரின் வியர்வை.
கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் ஒரு கோடு.
தயங்கினாலும் ஒரு கோடு.
ஓட்டுநர் தேர்வு அதிகாரி என்பவள்
எந்த ஊருக்கும் போய்ச் சேராமல்
ஏறிய இடத்திலேயே இறங்குகிறவள்.

மார்ச்சில் ஓய்வுப் பணம் வந்தது.
"நாலு கதவு இருக்கட்டும்" என்றார் எம்ரிஸ்.
அவருடைய டைட்டானியம் இடுப்புக்கு
அப்போது ஒன்பது வார வயது.

திங்கட்கிழமை ஒரு சாம்பல் நிற செடான்.
முந்நூறு குதிரைகளாம். ஒன்றும் கனைக்கவில்லை.
மெர்தரைத் தாண்டும்போது முள் எண்பத்தைந்தில் நிற்கிறது,
எனக்கோ ஐம்பது என்று நினைப்பு.
சாவுச் செய்தியை
எல்லோரும் சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று
சட்டைப்பைக்குள் வைத்திருக்கும் மைத்துனன்போல
வேகத்தை என்னிடம் மறைத்துவிட்டது அந்த வண்டி.
என் முதல் குற்றம். அதுவும் எனக்கே தெரியாமல்.

புதன்கிழமை நீலம்.
இவள் இன்னும் கெட்டிக்காரி.
வளைவில் தோளைச் சாய்க்கவில்லை.
ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால்
ஒலிபெருக்கிக்குள்ளிருந்து உறுமினாள்.
பின்சீட்டில் காலை நீட்டிப் பார்த்துவிட்டு
"இதுதான்" என்றார் எம்ரிஸ்.
நாய்க்கூண்டும் டிக்கியில் அடங்கியது.
மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

இன்று வெள்ளி.
மழையில் நனைந்த ஸ்லேட்டின் நிறம்,
இரண்டே இருக்கை, ஆறு கியர், துணிக்கூரை.
ஏறவில்லை, இறங்கினேன்,
குளியல் தொட்டிக்குள் இறங்குவதுபோல.
விற்பனையாளன் ஹைவெல்
இடது பக்கம் வந்து பெல்ட்டை மாட்டி
மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டான்.
ஷோரூம் வாசலிலேயே
வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படியென்று
எனக்குத் தெரியும், அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

ஊர் முடிந்து மலைச்சாலை.
நாற்பது மைல்தான்.
ஆனால் ஒவ்வொரு சரளைக்கல்லும்
தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனது.
தார் ஈரமாய் இருக்கும் இடம்
முதலில் என் இடுப்புக்குத் தெரிந்தது,
பிறகு கைக்கு,
கடைசியில்தான் கண்ணுக்கு.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியபோது
கியர் உள்ளங்கையில் சொடுக்கியது,
இளம் பீன்ஸ் ஒடிகிற சத்தம்.
சிரித்துவிட்டேன். நாற்பதில்!
சட்டத்துக்குள் இருந்துகொண்டே
திருட்டு ஆப்பிள் தின்னலாம் என்று
எந்த விதிப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை,
யாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

கொண்டை ஊசி வளைவின் முடிவில் ஓர் ஆடு.
நடுச்சாலையில், அசைபோட்டபடி.
செடான் என்றால் குனிந்து பார்த்திருப்பேன்.
இங்கே அதன் கண்ணின் படுக்கைக் கோடு
என் கண்ணுக்கு நேர் மட்டம்.
பிரேக்கை மிதித்தேன்.
இடது பக்கத்தில் ஹைவெலின் காலும்
இல்லாத ஒரு பிரேக்கை மிதித்தது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது, மிஸஸ் பிரைஸ்,"
ஆடு மனம் வைக்கக் காத்திருந்தபோது சொன்னான்.
"பிரெக்கன். நல்ல மழை.
ரவுண்டானாவில் ரெண்டு தடவை ஃபெயில் போட்டீர்கள்."
எதற்கு?
"தயங்கினதுக்கு."
ஞாபகமில்லை.
என்னிடம் இருப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான இடது கன்னங்கள்.
இப்போது அவன் என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பலகையில் என்ன எழுதுகிறாய் என்றேன்.
திருப்பிக் காட்டினான்.
கிளம்பிய நேரம், பெட்ரோல் அளவு.
கீழே பென்சிலில் ஒரு ஆடு, பாதி வரைந்தது.

மறுபடி அதே வாசல், வழக்கம்போல.
வெளியே வர ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது.
எம்ரிஸால் முடியாது.
என்னாலும் இன்னும் ஏழெட்டு வருடம் முடியும்.
"நீலம் நல்ல வண்டி" என்றான் ஹைவெல். நியாயமானவன்.
நல்ல வண்டிதான் என்றேன்.
உள்ளங்கையில் சரளை பதிந்து நாலைந்து குழி.
சாவியை வாங்கக் கையை நீட்டினான்.

தயங்கினேன்.