வேறு கடைப் பை

அஞ்சலகத்துக்கு முன்னால், பச்சைக் கோட்டுக்குள்
ஏழு ஸ்கூட்டர்கள்.
இருபதாக வந்தவை. மிச்சம் இவ்வளவுதான்.
திறக்க ஒரு வெள்ளி,
பிறகு நிமிடத்துக்கு இருபது காசு.

கையுறை ஆலைக்கு ஒன்பது நிமிடம்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் திரும்பும் சந்தியில்
சிவப்பு விளக்கு பிடித்துக்கொண்டால் பதினொன்று.
நாற்பது காசு கொடுத்து நின்று
லாரியிலிருந்து உதிரும் பழங்களை எண்ணுவேன்.

பதினேழாம் எண் என்னுடையது என்று
எனக்குள் வைத்திருந்தேன்.
இடப்பக்கப் பிடி ஆடும்.
மணி அடித்தால் இருமும்.
சில நாள் பிடியில் மீன் வாடை,
சில நாள் யாரோ முழங்காலுக்குத் தேய்த்த தைலம்.
பசார் மாலாம் முடிந்த மறுநாள்
பிரேக் கம்பியில் ஒரு சாத்தே குச்சி.

எனக்கு இரவு ஷிப்ட்.
ஆலை வாசலில் இறங்கி, மழைக்கு அணைவாக
அதன் முகத்தில் மஞ்சள் மளிகைப் பை ஒன்றைக் கட்டிவிட்டுப் போவேன்.
பகல் ஷிப்ட் முடிந்த யாரோ அதை எடுத்துப் போவார்,
காலையில் கொண்டுவந்து விடுவார்.
பை நான்காக மடிந்து கம்பியில் செருகியிருக்கும்.
ஆணா பெண்ணா, நேப்பாளமா நம்ம ஆளா,
தெரியாது. மடிப்பு மட்டும் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
ஏழிலும் சார்ஜ் இல்லை.
இடி மின்னலில் நாற்பது நிமிடம் நடந்தேன்.
சூப்பர்வைசர் அரை நாள் சம்பளம் வெட்டினார்.
அடுத்த மாதமே யுகேந்திரன்
பன்னிரண்டு மாதத் தவணையில் ஒன்று இறக்கினான்.
கறுப்பு. பிளாஸ்டிக் உறை பிரிக்காத பிடி.
"இனி நீ யாரையும் நம்ப வேணாம்மா."

சொந்த வண்டிக்குச் சிவப்பு விளக்கு இலவசம்!
முதல் நாள் பச்சை விழுந்தும் நின்றேன்.
பின்னால் லாரிக்காரன் கத்தினான், கத்தட்டும்.

வீட்டில் ஒரே பிளக்தான் ஒழுங்கு.
சோறா வண்டியா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.
ராத்திரி அது ஹாலில் படுத்துக்கொள்கிறது,
என் வீட்டுக்காரர் லெட்சுமணன் அதன் காலில் சங்கிலி போடுகிறார்.
பக்கத்து வீட்டுக் கோமளவல்லி,
மகளுக்குக் காய்ச்சல், கிளினிக் வரைக்கும் என்று கேட்டு வந்தபோது
"பேட்டரி இல்லையே" என்றார்.
எழுபத்தெட்டு காட்டிக்கொண்டிருந்தது.
நானும் பக்கத்தில்தான் நின்றேன்.
பதினேழை யாருக்கும் இல்லையென்று சொல்ல
எனக்கு வாய்ப்பே வந்ததில்லை.

நேற்று ஆலை வாசலில் பதினேழைப் பார்த்தேன்.
வானம் இருட்டிக்கொண்டு வந்தது.
என் பையிலிருந்து அந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு
கிட்டப் போனேன்.
ஏற்கெனவே கட்டியிருந்தது.
நீலப் பை, வேறு கடை.
என் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று.

எனக்கு என்ன வந்தது, உள்ளே போயிருக்கலாம்.
முதல் மணி அடித்துவிட்டார்கள்.
ஆனால் முடிச்சு சரியில்லை, காற்றுக்குத் தாங்காது.
அவிழ்த்து
இறுக்கிக் கட்டினேன்.