வந்த காரணம்

முதல் நோட்டில் கோடு கிழித்தது பிலோமினா.
பெயர், தெரு, நேரம், வந்த காரணம்.
முதல் எட்டு மாதம்
காரணத்தில் ஒரே சொல்தான்:
கேட்.

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
கூட்ஸ் வண்டி நகரும்வரை
வெயிலும் நம்மோடு நிற்கும்.
டேங்கர் நாற்பது, நாற்பத்தொன்று,
எண்ணி முடிப்பதற்குள் வண்டி நின்றுவிடும்.
நின்றால் நின்றதுதான்.
மூடிப்போன சைக்கிள் கடையின் ஷட்டரைத் தூக்கி
ஒரு கேன் தண்ணீர், சங்கிலி போட்ட டம்ளர்,
கால் ஆடும் பெஞ்சு ஒன்று வைத்தோம்.
மையம் என்றெல்லாம் அப்போது பேர் இல்லை.
"ஷட்டராண்ட குந்து, வரேன்" என்பார்கள்.

பிறகு யாரோ செல்போனுக்குச் சார்ஜ் கேட்டார்.
ஒரு பாயிண்டு ஆறாச்சு.
பென்ஷன் மனு நிரப்பச் சொல்லி
யாதம்மா மடியில் கட்டிவந்த காகிதங்கள்
ஈரமாயிருந்தன, மீன் வாசத்தோடு.
அடுத்த வியாழன் அவள் பின்னால் ஏழு பேர்.
நைட் டூட்டி முடிந்து சனிக்கிழமைகளில்
பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ஜெபசீலி
பார்த்து முடித்து அதே பெஞ்சில் தூங்கினாள்.
இன்னொருத்தி
தினமும் ஆறு மணிக்கு வந்து
ஏழேகாலுக்குப் போவாள்.
ஒன்றும் கேட்க மாட்டாள். நாங்களும் கேட்கவில்லை.
அவள் எழுதிய காரணமும் கேட்தான்.
அவள் வீடு
கேட்டுக்கு இந்தப் பக்கம்.

தொண்டர்கள் வந்தார்கள், போனார்கள்.
போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.
கல்யாணமாகி, ஒரகடத்தில் வேலையாகி,
வெறுமனே அலுத்துப்போய்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை,
ஒரு ஆடி முழுக்க நானே வரவில்லை.
சாவி ஒன்பது கை மாறியது.
டில்லிபாபு மட்டும்
ஷேர் ஆட்டோவின் முதல் சவாரிக்கு முன்
கேனை மாற்றி வைத்து
தன் பேரையும் நோட்டில் எழுதிவிட்டுப் போவார்.

வாடகை நாலாயிரம் ஏழாயிரமானது.
உண்டியலில் ஐந்து ரூபாய்க் காசுகள்,
ஒருமுறை ஒற்றை மூக்குத்தி.
யாருடையது என்று இன்றுவரை தெரியாது.
விற்க மனசு வரவில்லை.
விற்றோம். ஜூன் மாத வாடகை அது.

வெள்ளம் எண்ணெயோடு வந்தது.
சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு.
பெஞ்சு போச்சு. நோட்டுகள் பரணில் தப்பின.
தேய்த்துக் கழுவ வந்தவர்கள் முப்பத்தோரு பேர்.
அதில் பாதிப்பேர் வீட்டுச் சுவரில்
அதே கோடு இன்னும் கழுவாமல் இருந்தது.

அப்புறம் மேம்பாலம்.
ஒருநாள் கேட்டை இறக்கி
வெல்டிங் வைத்துவிட்டுப் போனார்கள்.
பஸ், ஆட்டோ எல்லாம் எங்கள் தலைக்கு மேலே.
கூட்டம் போட்டோம். டீ ஆறியது.
"வந்த வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம்"
சொன்னது நான்தான்.
நோட்டில் அதுவும் இருக்கிறது, என் கையெழுத்தில்.
பிலோமினா பதில் சொல்லாமல்
டம்ளர்களைக் கழுவினாள், கழுவியதையே மறுபடியும்.

மறுநாள் ஏழரை.
பாலத்தில் ஏற வேண்டிய ஆட்டோவை
அடிவழியாகச் சுற்றிக் கொண்டுவந்து
ஓரம் கட்டினார் டில்லிபாபு.
பின்னால் நாலு பேர், முன்னால் அவரோடு ஒரு பையன்.
இறங்கி வரிசையாக நோட்டில் குனிந்தார்கள்.
நாலாவது கட்டத்துக்கு வந்ததும்
பையன் பேனாவைக் கடித்தான்.
"இன்னா யோசிக்கிற, மேல பாத்து எழுது."
கேட்.
அதன் கீழே மேற்படி.
அதன் கீழே மேற்படி.
சாயங்காலம் ஆறு மணிக்கு
ஒரு பெண் கையெழுத்தில்
மேற்படி.

இப்போது பதினேழாவது நோட்டு.
போன வாரம் சேர்ந்த கல்லூரிப் பெண்
பக்கங்களைப் புரட்டிவிட்டு
வெளியே எட்டிப் பார்த்தாள்.
"இங்க கேட் எங்க இருக்கு?"
தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.
போட்டிருக்காங்க, என்றேன்.
இப்பத்திக்குத் திறக்க மாட்டாங்க.
உட்காரு.