முந்நூற்றுப் பதினைந்து

லாரி நிற்கும் முன்பே ஒகுமுரா கத்துவார்:
"நாலு மணி நேரம் ஆச்சு!"
அரிசியை விட்டுப் பிரிந்த கணத்திலிருந்து
தவிடு தன்னைத்தானே தின்னத் தொடங்கும்.
ஒருநாள் தாமதித்தால் காறல்.
அதன்பின் மாடும் முகம் திருப்பும்.

வகயாமாவில், கினோகவா ஆற்றோரம்,
பதினெட்டு வருடமாக
எண்ணெய்க்கு நிறம் பார்ப்பவள் நான்.
வெளிறியிருந்தால் தேர்ச்சி.
வாங்குகிறவர்களுக்குத் தண்ணீர் போல வேண்டும்.
காரம் ஊற்றி, களிமண்ணில் வடித்து,
ஆவியால் வாசனையைத் துரத்தித்
தண்ணீர் போல ஆக்குகிறோம்.
ஒரைசனால் என்று ஒன்று,
புட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடுகிறோமே, அது,
பெரும்பகுதி சோப்புக் கசடோடு சேர்ந்து
பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது.
பிறகு கசடைத் துரத்திப் பிடித்து
வெள்ளைத் தூளாக மீட்டு
பந்தயக் குதிரைகளுக்கும்
என் வயதுப் பெண்களுக்கும் விற்கிறோம்.

என் வயது ஐம்பத்தொன்று.
பிப்ரவரியில், கண்ணாடிச் சன்னலில் பனி ஒட்டியிருக்க,
மார்பிலிருந்து காது மடல் வரை
யாரோ அடுப்பின் கதவைத் திறந்துவிட்டது மாதிரி.
மூக்குக் கண்ணாடி ஆவி பிடித்து
பிப்பெட்டின் கோடு தெரியாது.
இளையவள் மினாசே மின்விசிறியை
என் பக்கம் திருப்பிவிட்டு
வேறெங்கோ பார்ப்பாள்.

இரவில் நான் சன்னலைத் திறக்கத் திறக்க
ஷின்பெய் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போனார்.
எங்கள் வீட்டுக்கு மருமகனாக வந்து
எங்கள் குடும்பப் பெயரையே ஏற்றுக்கொண்டவர்.
மூன்று ஆழாக்குத் தவிடு கையில் இருந்தாலும்
வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகாதே என்று
இங்கே ஒரு பழமொழி உண்டு.
"நான் தவிட்டு ஆலைக்காரியிடமே போனேன்"
என்றார், போர்வைக்குள்ளிருந்து.

நகர மருத்துவமனையில் ஒரு சோதனை நடந்தது.
பாதிப் பேருக்கு ஒரைசனால், பாதிப் பேருக்கு மாவு.
யாருக்கு எது என்பது
கொடுக்கும் டாக்டருக்கே தெரியாது.
மூன்று வேளை மாத்திரை, ஒரு நாட்குறிப்பு,
மாதமொருமுறை கொழுப்புக்கு ரத்தம்.
எதிர் நாற்காலியில் பழத்தோட்டக்காரி யசூரா,
கைவிசிறியால் கழுத்துக்குள் வீசிக்கொண்டே,
"உனக்கு ஏதாவது தெரிகிறதா?" என்பாள்.
அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது.
மே மாதத்தில் பதினோரு இரவுகள்
இடையில் விழிக்காமல் தூங்கினேன்.
எண்ணி எழுதியிருக்கிறேன்.
கர்வமாகவும் இருந்தது:
நம் ஆலைத் தூள், நம் ஆற்றோரத் தவிடு.

கடைசியில் ஒரு மாத்திரை மீந்தது.
திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை.
சனிக்கிழமை, ஆய்வகத்தில் ஆள் இல்லை.
கல்வத்தில் பொடித்தேன்,
ஹெப்டேனில் குலுக்கினேன், வடித்தேன்,
குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றி
ஒளியின் முன் நிறுத்தினேன்.
முந்நூற்றுப் பதினைந்து நானோமீட்டர்.
அங்கேதான் அது தலை தூக்கும்.
கச்சா எண்ணெயில் மலையாக,
தண்ணீர் போலான எண்ணெயிலும்
எறும்புப் புற்றளவுக்காவது.

தரையாக இருந்தது.

விளக்கைச் சோதித்தேன். குப்பியை மாற்றினேன்.
எங்கள் கிடங்குத் தூளில் ஒரு சிட்டிகை கரைத்தேன்,
உடனே மலை எழுந்தது.
இயந்திரத்தில் குற்றமில்லை.
வடிதாளில் தங்கியிருந்தது மாவு,
ஒட்டும் கஞ்சிக்கு ஆகும்.

அப்படியானால் அந்தப் பதினோரு இரவுகளும்
யார் கொடுத்தது?
ஏப்ரல் கடைசியில் ஷின்பெய்
மெத்தையோடு திரும்பி வந்தார், காலுறை அணிந்து.
அதுவா? தினமும் எழுதியதா?
உடம்பு தானாகவே அலுத்துவிட்டதா?
யசூராவுக்குக் கிடைத்தது நிஜம் என்றால்
அது ஏன் அவளிடம் பேசவில்லை?
இரண்டு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது.
என் தொழிலே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.
ஆனாலும் அந்தச் சமமான கோட்டை
அச்செடுத்து மடித்து
பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து போன்.
"ஹமசாகி-சான், கணக்கில் ஒரு மாத்திரை குறைகிறது."
"விழுந்துவிட்டது" என்றேன்.
"எங்கே?"

வெளியே ஒகுமுராவின் லாரி.
மூன்று மணி நேரம்தானாம், இன்று.

"தரையில்" என்றேன்.