நேற்று பதினேழு பேர்

பகலில் என் வேலை எண்ணுவது.
நுணுக்குக்காட்டியின் கீழே வெள்ளணுக்கள்,
விரலடியில் பொத்தான் பெட்டி,
நூறு நிறைந்தால் மணி அடிக்கும்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பதினொரு வருசமாய்
என் கணக்கு பிழைத்ததில்லை.

இரவில் நண்டு வரைகிறேன்.
நண்டு, ஓரா, கெழுத்தி, சிலவேளை இறால்.
கறுப்பு மை, அஞ்சலட்டை அளவு,
ஒன்று எண்ணூற்றைம்பது ரூபாய்.
மகன் உறங்கிய பிறகு
சாப்பாட்டு மேசைதான் பட்டறை,
லப்டொப்தான் கடை.

கடையைக் கட்டித் தந்த கோபிதன்
போகிற போக்கில் சொன்னான்:
"யார் வந்தது, எதில நின்றது, எங்கால போனது,
எல்லாம் இதில விழும் அக்கா.
கிழமைக்கு ஒருக்காப் பார்த்தாக் காணும்."

கிழமைக்கு ஒருக்கா!
அடுப்பில் பால் வைத்தவளைப் போல
பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று பதினேழு பேர்.
அதில் பதினாலு மட்டக்களப்பு.
"நம்மட ஊரே உன்ட நண்டைப் பார்க்குது கா"
என்றாள் றிஸ்மியா,
அந்தச் சந்தோசத்தில்
அவளுக்கு ஒரு பிளேன்ரீயும் ரோல்சும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுகாதான் விளங்கியது,
அந்தப் பதினாலும் நான்.
ஆய்வுகூடக் கணினியில் மதியம் நாலு தரம்,
வீட்டில் பத்து.
என்னைப் போல விசுவாசமான வாடிக்கையாளர் எவருமில்லை.
ஒரு சதம் செலவழித்ததுமில்லை.

என் வருகையைக் கணக்கில் சேர்க்காதே என்ற
சின்னக் கட்டத்தில் சரி போட்டேன்.
மூன்று.

ஆய்வுகூடத்தில் இப்படி விழுந்தால்
கண்ணாடித் தகட்டை மாற்றித் திரும்ப எண்ணுவோம்.
திரும்ப எண்ணினேன்.
மூன்றுதான்.

ஒருவர் கடப்படியில் எட்டிப் பார்த்து
ஆறு செக்கனில் போய்விட்டார்.
ஒருவர் ஒரு நண்டைக் கூடையில் போட்டு,
தபால் செலவு நானூற்றைம்பது என்று கண்டதும்
கூடையோடு விட்டுவிட்டு நடந்தார்.
(அவரில் பிழையில்லை.
அந்தத் தொகையைக் கடைசிப் பக்கத்தில்
ஒளித்து வைத்தவள் நான்தானே.)
மற்றவர் சம்மாந்துறை.
இரவு இரண்டு இருபதுக்கு
ஓரா மீனில் நாலு நிமிடம் பன்னிரண்டு செக்கன்.

நாலு நிமிடம்!
பிடித்துப் போய்ப் பார்த்தாரோ,
பார்த்தபடியே உறங்கினாரோ,
பிள்ளைக்குப் பால் கரைக்கப் போனாரோ.
அதை எந்தக் கட்டமும் சொல்லவில்லை.
எங்களுக்கும் அதுதான் விதி:
எண்ணை நாங்கள் எழுதிக் கையெழுத்திடுவோம்,
காய்ச்சல் ஏன் என்று எழுதுவது வேறு ஆள்.

ஒன்றை மட்டும் தெளிவாய்ச் சொல்லியிருந்தது:
மூவரும் வந்தது கைபேசியில்.

என் கைபேசியில் என் கடையை
நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.
திறந்தேன்.
படத்தின் வலது பக்கம் திரைக்கு வெளியே.
ஓராவுக்கு வாலில்லை.
நண்டுக்கு ஒரு கொடுக்கில்லை.
கால் முறிந்த நண்டைச்
சந்தையில் பாதி விலைக்குத் தருவார்கள்.
நான் முழு விலை கேட்டு,
தபாற்காசும் கேட்டு,
ஊரைக் குறை நினைத்திருக்கிறேன்.

ஒன்றரை மணி வரை இருந்து சரிசெய்தேன்.
தபாற்செலவை விலைக்குப் பக்கத்திலேயே எழுதினேன்.
காலையில் வேலைக்குப் பிந்தி
றிஸ்மியாவிடம் பேச்சு வாங்கினேன்.

இன்று ஐந்து பேர்.
விற்பனை இல்லை.
ஆனால் ஐவரும் கண்டது
இரண்டு கொடுக்கும் உள்ள நண்டு.

மணி அடிக்க
இன்னும் தொண்ணூற்றைந்து.