பூஜ்ஜிய முனை

அகழியின் வெளிக்கரைக் கல்லில்
டேப்பின் பூஜ்ஜியத்தை அழுத்திப் பிடித்திருப்பது என் வேலை.
பதினோரு வருடமாக
எல்லாத் தூரமும் என்னிடமிருந்துதான் தொடங்குகிறது.

மறுமுனையில் சர்வேயர் முனிரத்தினம்.
நடுவே சாலை.
திருவண்ணாமலை பஸ் ஒன்று
எஃகு நாடாவின்மேல் ஏறி இறங்கிப் போகிறது.
டிரைவர் எங்களைத் திட்டுகிறார்,
கோட்டைப் பக்கம் திரும்பவே இல்லை.

மக்கான் சந்தில் கைருன்னிசாவின் வீடு.
பின்சுவரை ஒட்டி
நாலுக்கு அஞ்சில் ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும்.
கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து
சந்து முனைவரை நடக்க முடிவதில்லை.
நூறு மீட்டருக்குள் புதிதாய் ஒரு செங்கல் வைக்கக் கூடாது.
நூறைத் தாண்டினால் மனு போடலாம்.
மனு எத்தனை மாதம் தூங்கும் என்பது
வேறு அலுவலகம், வேறு டேப்.

காலை ஏழுக்கு அளந்தபோது
நூறு மீட்டர், ஒரு சென்டிமீட்டர்.
கையெழுத்துப் போட வேண்டியவர்
பன்னிரண்டரைக்கு ஜீப்பிலிருந்து இறங்கினார்:
"என் முன்னாடி அளங்க."
இப்போது
தொண்ணூற்றொன்பது மீட்டர், தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.

வீடு நகரவில்லை. அகழி நகரவில்லை.
வேலூர் வெயிலில் நாடாதான் நீண்டிருக்கிறது.
நீண்ட நாடா தூரத்தைக் குறைத்துச் சொல்லும்.
"இந்த வெயில்ல எல்லாருக்கும் உசுரு சுருங்குது,
உங்க சாமான் மட்டும் வளருதா?" என்றாள் கைருன்னிசா,
பீடி இலைத் தூசியை முந்தானையில் துடைத்தபடி.

நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்
என்று இந்த ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.
சாமி எப்போதோ திரும்பி வந்துவிட்டார்.
பட்டியலில் காலியான இடத்தில்
இவள் வீட்டை எழுதிக்கொள்ளலாம்.

அறுபதாவது மீட்டரில் ஒரு லாட்ஜ் இருக்கிறது.
ஒரே மழைக்காலத்தில்
தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நாலு மாடி வளர்ந்தது.
நோட்டீஸ் ஒட்டியவன் நான்தான்.
பசை காயும் முன்னே
அதன்மேல் "ரூம் காலி" போர்டு.

ஆனாலும்
இந்தக் கல்லையும் எனக்குத் தெரியும்.
போன மாசியில்
கொத்தளத்துப் பொருத்திலிருந்து ஓர் அரசங்கன்றைப் பிடுங்கினேன்.
வெளியே இரண்டே இலை.
உள்ளே போன வேர் என் முழங்கை நீளம்.
யாரோ என்றோ
ஒரு விரற்கடை இடம் விட்டதில் நுழைந்தது அது.
அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பூஜ்ஜியம் சரியா இருக்காய்யா?"
முனிரத்தினம் அங்கிருந்து கத்துகிறார்.
அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.
கல் விளிம்பு சுடுகிறது.
விளிம்புக்கு அப்பால் நீர், பாசி,
மூடி திருகிய ஒரு வெற்று பாட்டில்.

என் கட்டைவிரலின் அகலம்
இரண்டு சென்டிமீட்டர்.

ஆரணி பஸ் வருகிறது.
அது போகட்டும்,
பதில் சொல்கிறேன்.